பலாலியின் வரலாறு 2019இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பற்றி அண்மைக் காலமாக வெளிவரும் செய்திகளிலும், மாணவர்களுக்கெனத் தொகுக்கப்படும் பொது அறிவுக் குறிப்புகளிலும், அது 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது என்ற ஒரு வரியோடு விடயம் முடிந்துவிடுகிறது. திகதியில் பிழையில்லை. ஆயினும் அந்த ஒரு வரியை மட்டும் மனனம் செய்து வளரும் பிள்ளை, அதற்கு முன்னர் பலாலியில் ஓர் இராணுவ முகாம் மாத்திரமே இருந்தது என்றும், இந்தியாவுக்கு அங்கிருந்து விமானம் பறப்பது நமது காலத்துப் புதுமை என்றும் நம்பிக்கொள்ளும். எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இப்படி நம் கண்முன்னே சுருங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. மலையகத்தில் இருந்துகொண்டு வடக்கின் விமான நிலையத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்குள்ள உரிமை என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்கான விடையும் இக்கடிதத்திலேயே இருக்கிறது.

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலீனா கடல் விமானம் ஒன்றின் கனேடிய விமானியான பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டதோடு, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஏற்கெனவே வீழ்ந்திருந்த நிலையில், வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க இத்தீவைவிட்டால் பிரித்தானியருக்கு வேறு நல்ல இடம் இருக்கவில்லை. சிகிரியா, மின்னேரியா, வவுனியா, புத்தளம், இன்று கட்டுநாயக்க என்று நாம் அழைக்கும் நீர்கொழும்பு என நாடெங்கும் பிரித்தானிய வான்படையின் ஓடுபாதைகள் எழுந்தது இந்தப் போர்க்காலத்தில்தான். வடமுனையில், பலாலியில் அமைந்த தளத்துக்கு அவர்கள் இட்ட பெயர் காங்கேசன்துறை. அங்கிருந்து நான்கு இயந்திரங்களைக் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் நெடுந்தூரக் கடற்பறப்புகளுக்குச் சென்றுவந்தன.

அந்த நிலம் ஏன் தெரிவாகியிருக்கும் என்பதைப் பலாலிக்குப் போய் நின்று பார்ப்பவர் எவரும் விளங்கிக்கொள்வார். மலை இல்லை, ஆறு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. மேலே மெல்லிய செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழை பெய்தாலும் நீர் விரைவாக உள்ளிறங்கிவிடும். அருகிலேயே காங்கேசன்துறைத் துறைமுகமும் ரயில் பாதையின் முடிவிடமும் இருந்தன. ஆனால் விமானிக்கு எது வசதியோ அதுவே விவசாயிக்கும் செல்வமாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும். வலிகாமம் வடக்கின் அந்தச் செம்மண், வெங்காயமும் புகையிலையும் வாழையும் மரக்கறியும் விளையும் நிலம். குடாநாட்டில் அதற்கு இணையான மண் அதிகமில்லை. ஓடுபாதை இடப்பட்ட நாள் முதல் இன்றுவரை, அந்த இடத்தின் கதை மண்ணுக்கும் விமானத்துக்கும் இடையிலான வழக்காகவே இருந்துவந்திருக்கிறது.

மலையகத்தவர்களுக்கு இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவில் அதனை அமைத்தார். இலங்கையின் ஓடுபாதைகளிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்த விமானங்களுக்கான போர்த் திட்டங்களைப் பற்றிய பேச்சுகள், இன்று நம் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலா போகும் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தவை. வடக்கின் வரலாறு வேறு, மலையின் வரலாறு வேறு என்று நாம் பிரித்துப் படித்துவிட்டோம். அக்காலத்தில் அவை ஒரே வரைபடத்தில் இருந்தன.

போர் முடிந்ததும் பெரும்பாலான தளங்கள் கைவிடப்பட்டன. சில காடாகின. காங்கேசன்துறைத் தளத்துக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி, நாட்டின் முதலாவது தேசிய விமான சேவையான ஏயார் சிலோன் தனது முதலாவது பறப்பைத் தொடங்கியபோது, 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்டிருந்த அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் தரித்து, மெட்ராஸுக்குச் சென்றது. இந்த ஒரு செய்தியையாவது எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் பெருவிருப்பு. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, நாட்டின் சொந்த விமான சேவை கால்பதித்த முதலாவது இடைத்தரிப்பு பலாலி மண். அதைச் சுமந்துவந்ததும், சில ஆண்டுகளுக்கு முன்வரை உலகெங்கும் படையினரையும் வெடிமருந்தையும் ஏற்றித் திரிந்த அதே டக்கோட்டா ரக விமானம். பலாலி இராணுவத் தளம் மக்களுக்கான விமான நிலையமாக மாறிய முதல் சந்தர்ப்பம் அதுதான்; 2019இல் நிகழ்ந்தது இரண்டாவது மாற்றம்.

அந்த 1947 நம் மக்களுக்கு எத்தகைய ஆண்டு என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டப் பகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்கள் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நம் முன்னோரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். வானத்தில் மெட்ராஸுக்கு வழி திறந்த அதே காலத்தில், தரையில் வாழ்ந்தவர்களுக்கு எந்தக் கரை சொந்தம் என்ற கேள்வி எழுப்பப்பட்டது. விமானச் சீட்டு வாங்கும் நிலையில் தோட்டத் தொழிலாளர் எவரும் அன்று இருக்கவில்லை என்பது உண்மை. அவர்களுடைய வழி தலைமன்னார் வழியாகச் செல்லும் ரயிலும் கப்பலுமாகவே இருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டபோது, ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் பண்டாரவளையிலும் அழுதபடி ரயிலேறியவர்கள் அந்த வழியாகத்தான் தமிழ்நாட்டின் மண்டபம் என்னும் ஊரிலிருந்த முகாமுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நீலகிரியிலும் வாழ்கிறார்கள். இந்தத் தொடர்பை மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

நான் பலாலியை முதன்முதலாக அறிந்தது ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்றபோதுதான். 1970களில் மலையகத்திலிருந்து பயிற்சிக்குத் தெரிவான தமிழ் ஆசிரியர்கள் பலர் பலாலி ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். பொல்காவலையில் வண்டி மாறி, யாழ்தேவியில் வடக்கே போவோம். குளிரில் வளர்ந்த எங்களுக்கு அந்த வெயிலும், கிணற்று நீரின் சவர்ச் சுவையும், சட்டையில் படிந்தால் இலேசில் போகாத செம்புழுதியும் பழகச் சில வாரங்கள் எடுத்தன. விமானம் இறங்கும் வேளையில் விரிவுரையாளர் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி பேச்சை நிறுத்திவிடுவார். இரைச்சல் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். அதை எவரும் ஒரு விசேடமாக எண்ணியதில்லை. ஏயார் சிலோனின் அவ்ரோ ரகப் பயணிகள் விமானம் வந்து போவது அந்த ஊரின் நேரசூசியில் ஒரு பகுதியாக இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குச் செல்லும் நோயாளிகள், சென்னைக்குப் படிக்கப் போகும் இளைஞர்கள் ஆகியோரோடு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நிறைந்த கடகத்தை மடியில் வைத்துக் காத்திருந்த ஒரு மூதாட்டியையும் அங்கே கண்டது நினைவில் இருக்கிறது. துப்பாக்கியும் முட்கம்பியும் இல்லாமல், சாதாரண மக்கள் சாதாரணமாகப் பயணம் போன ஓர் இடமாகப் பலாலியைப் பார்த்த கடைசித் தலைமுறையினர் நாங்கள். எங்களில் பலர் இப்போது இல்லை.

1978 செப்டம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, பலாலியிலிருந்து சென்று இரத்மலானையில் பயணிகளை இறக்கிவிட்டு நின்ற ஏயார் சிலோன் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் எரிந்து அழிந்தது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அடுத்த ஆண்டே ஏயார் சிலோன் நிறுவனமும் மறைந்து, எயார் லங்கா தோன்றியது. புதிய நிறுவனத்தின் வரைபடத்தில் பலாலிக்கு இடமிருக்கவில்லை. முப்பதாண்டுக் கால மக்கள் சேவை ஏறக்குறைய ஓசையின்றி முடிந்தது. அதன்பின் வந்த போர், அந்த நிலையத்தை அது பிறந்த நோக்கத்துக்கே திருப்பியனுப்பியது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படைக்குப் பலாலியே வடக்கின் முதன்மைத் தளமாக இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, கட்டுவன் முதலிய ஊர்களின் மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. உடுத்த உடுப்போடு போனவர்கள், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். நான் படித்த ஆசிரியர் கலாசாலையும் அந்த இடப்பெயர்விலிருந்து தப்பவில்லை.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு திருகோணமலைக் கப்பலும் பலாலி விமானமும் மட்டுமே. அதே ஓடுபாதையில் படையினரும் வந்திறங்கினர். 1995 ஏப்ரல் இறுதியில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு விமானப்படை அவ்ரோ விமானங்கள் அப்பகுதியில் சுட்டுவீழ்த்தப்பட்டு, அவற்றில் சென்றவர்கள் மாண்டார்கள். 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்து, பயணிகளும் பணியாளர்களுமாக 55 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். அவர்களுக்கு விமான நிலையத்தில் ஒரு சிறு நினைவுக்கல்லேனும் வைக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தரப்பையும் குற்றம் சுமத்துவதற்காக இதைக் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் கடைசிப் பயணத்தைத் தொடங்கியது அந்த வாயிலால்தான். அந்த வாயிலிலேயே அவர்கள் நினைக்கப்படுவது முறை.

காணிப் பிரச்சினையைத் தொடாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013இல், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணி உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். பின்னர் கட்டங்கட்டமாகப் பல பகுதிகள் விடுவிக்கப்பட்டுள்ளன. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பியது. இன்னமும் திரும்பாத காணிகள் உண்டு. அண்மையில் திருச்சி செல்வதற்காக அவ்வழியே போனபோது, வீதியோரத்தில் கூரையற்ற வீடொன்றைக் கண்டேன். சுவரின் நடுவே வேரோடிய ஆலங்கன்று, மரமாகும் அளவுக்கு வளர்ந்திருந்தது. முற்றத்துக் கிணற்றின் கட்டு மாத்திரம் உடையாமல், துலாக்கால்கள் நின்ற இடம் தெரியும்படி இருந்தது. விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும், பெரிய விமானங்கள் இறங்கத்தக்க வகையில் ஓடுபாதையைத் திருத்த வேண்டும் என்று கோருவோரில் நானும் ஒருவன். ஆனால் அந்த விரிவாக்கம், காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருக்கும் குடும்பங்களைக் கேளாமலும், உரிய இழப்பீடோ மாற்றுக் காணியோ வழங்காமலும் நடைபெறக் கூடாது. போர்க்காலத்துச் சுவீகரிப்பை அபிவிருத்தியின் பெயரால் நிரந்தரமாக்குவது நியாயமாகாது. லயக் காம்பிராவில் பிறந்து, சொந்தமாக ஏழு பேர்ச் காணிக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துவரும் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதால், ஒருவருடைய காணி ஒருவருக்கு எவ்வளவு என்பது எனக்கு விளங்கும்.

2019இன் பின்னரான கதையை வாசகர்கள் அறிவார்கள். இந்தியாவுடனான உடன்பாட்டுக்கு அமைய அவ்வாண்டு யூலையில் வேலைகள் தொடங்கி, ஒக்டோபரில் திறப்பு விழா நடந்தது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து அதனை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ஆம் திகதி சேவை மீண்டும் ஆரம்பமாகி, 2024 செப்டம்பரில் இண்டிகோவின் சென்னைச் சேவையும், 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிச் சேவையும் வந்து சேர்ந்தன.

திருச்சிச் சேவையில்தான் மலையகத்தின் பங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. நான் சென்ற விமானத்தில் கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒப்பந்த காலத்தில் பிரிந்துபோன அண்ணன் தங்கையரின் வழித்தோன்றல்கள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செத்தவீட்டுக்கும் போய்வருகிறார்கள். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணித்தியாலம். நம் பாட்டன்மார் நாட்கணக்கில் முகாம்களிலும் கப்பல் துறையிலும் காத்துக்கிடந்த தூரம் அது. என் அருகில் அமர்ந்திருந்த ஒரு தாயார், தமக்கையாரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் பார்க்கப் போவதாகக் கூறி, கைப்பையிலிருந்த தேயிலைப் பொதியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில்தான் முடிகிறது என்பதை எண்ணும்போது, கட்டுநாயக்கவை மட்டுமே நமது விமான நிலையமாக மலையகத்தவர்கள் கருத வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் விமான நேரத்துக்குப் பொருந்தும் வகையில் பஸ் சேவை ஒன்று இருந்தால், வயதானவர்களுக்கு அது பேருதவியாகும்.

எனது பிரதான வேண்டுகோளுக்கு வருகிறேன். விமான நிலையத்தின் பயணிகள் மண்டபத்தில், புறப்பாட்டுக்காக மக்கள் காத்திருக்கும் பகுதியில், இந்த நிலையத்தின் முழு வரலாற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கூறும் ஒரு நிரந்தரக் காட்சிப்பகுதி அமைக்கப்பட வேண்டும். அதில் பிரித்தானிய வான்படைக் காலமும், சீதாதேவி இறங்கிய 1947 டிசம்பரும், அவ்ரோக் காலமும் இடம்பெற வேண்டும். போரையும் ஒளிக்கக் கூடாது. 1990இல் வெளியேறிய ஒவ்வோர் ஊரின் பெயரும், அங்கிருந்த பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்களின் பெயர்களும் எழுதப்பட வேண்டும். திறப்பு விழாக்களின் பெயர்ப்பலகைகளில் அரசியல்வாதிகளின் பெயர்களுக்குக் கிடைக்கும் இடம், நிலத்தைக் கொடுத்த ஊர்களுக்கும் கிடைப்பதில் தவறேதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து முதன்முறையாக வந்திறங்கும் நம் புலம்பெயர் பிள்ளைகள், தாங்கள் கால்வைக்கும் தரை தங்கள் பாட்டனாரின் வெங்காயத் தோட்டமாக இருக்கலாம் என்பதை அங்கேயே அறிந்துகொள்ளட்டும்.

இப்பணியைச் செய்யத்தக்கவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையினர் என்பது என் எண்ணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் கைகோர்த்தால், போர்க்காலத் தலைமையகம் பற்றிய பகுதியும் சேர்ந்து நிறைவு பெறும். ஆவணங்களைப் பின்னரும் தேடிக்கொள்ளலாம். மனிதரைத் தேட முடியாது. ஏயார் சிலோனில் பணியாற்றியவர்கள், நிலையத்தில் பொதி சுமந்தவர்கள், பக்கத்துத் தோட்டங்களில் இறைத்தவர்கள், எங்கள் கலாசாலையில் கற்றவர்கள் ஆகியோரில் எஞ்சியிருப்போரின் வாய்மொழிகளை இந்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும். பழைய பயணச்சீட்டுகள், நிழற்படங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றை வெளியே எடுக்குமாறு தங்கள் பத்திரிகையே ஓர் அழைப்பு விடுத்தால் மிகுந்த பயன் விளையும். பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயின்ற மலையக ஆசிரியர்களின் நினைவுகளையும் படங்களையும் திரட்டித் தரும் பொறுப்பை, கொட்டகலை, ஹட்டன் பகுதிகளில் உள்ள ஓய்வுபெற்ற நண்பர்களோடு சேர்ந்து ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.